பெரிய வியாழனன்று எண்ணிய வண்டிகள்

அல்தகிராசியா மாதா துணை

சாந்தோ தொமிங்கோ,
மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள நெப்தாலிக்கு,

உன் அத்தை காசில்தா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் அது பொய். இன்று காலைப் பூசையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன், பொய்யோடு ஆரம்பிக்க மனசில்லை. அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பது தெரியும். பனாமாவிலிருந்து நீ போட்ட படத்தைப் பலசரக்குக் கடை துல்சே காட்டினாள். கன்னம் உப்பியிருக்கிறது. பின்னால் கடல் தெரிகிறது. சந்தோஷம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து, “அத்தை, சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுறேன்” என்பாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். துல்சேயின் மகள் யூபெல்கிஸ் இங்கே விற்கத் துணி வாங்குவதற்காக ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள். உன் கையில் கொடுத்து, நீ கடைசி வரி வரைக்கும் படிக்கிறவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். “அண்ணன் படிக்க மாட்டேன்னா என்ன பண்றது அத்தை?” என்று சிரித்தாள். “அவன் ஆபீஸ் வாசல்ல நின்னு நீயே சத்தமா படி. கூவி விக்கிற தொண்டைதானே உனக்கு” என்றேன். அவள் செய்வாள். ஆகவே நீயே படித்துவிடு.

நான் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஜெபம் சொல்ல வாய் போதும் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு ஒருவன் படித்தால் போதும் என்று உன் மாமாவும் நானும் நினைத்தோம். உன் அப்பா, அதுதான் என் தம்பி, உன்னைக் கைக்குழந்தையாக என் மடியில் போட்டுவிட்டுக் கப்பலேறியபோதே, அந்த ஒருவன் நீதான் என்று உன் மாமா முடிவு கட்டிவிட்டார்.

முதலில் பேட்டைச் செய்தி. நீ பந்தடித்த மைதானத்தில் மிராதோர் அடுக்குமாடிக் கோபுரங்கள் முழுசாக எழும்பிவிட்டன. மதியத்துக்கு மேல் நம் தெருவுக்கு வெயில் கிடையாது, துணி காய்வதில்லை. உள்ளாடை எல்லாம் புழுங்கல் வாசனை அடிக்கிறது. கீழே மால் திறந்துவிட்டார்கள். அங்கே போகிற வண்டி, வருகிற வண்டி, நிறுத்த இடமில்லாமல் சுற்றுகிற வண்டி எல்லாம் நம் சேய்பா தெருவில்தான். மைதானத்தை ஒட்டிப் பெருஞ்சாலைக்குப் போன இன்னொரு வழி ஞாபகம் இருக்கும். அது இப்போது அவர்கள் கேட்டுக்குள் இருக்கிறது. ஏறி இறங்கும் கட்டை, பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் செக்யூரிட்டி. செக்யூரிட்டி வேறு யாருமில்லை, நம் பக்கத்துச் சந்து அமாதோதான். சொந்தப் பேட்டைக்காரனை வைத்தே சொந்தப் பேட்டையைத் தடுப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மாமா எப்படிச் செத்தார் என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆகவில்லை. தன் பழைய ஷேர் டாக்சிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தார். ஆம்புலன்ஸ் எப்படியோ எதிர்த் திசையில் நுழைந்து வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு திரும்பினால் சேய்பா தெரு அடைத்துக் கிடக்கிறது. மாலுக்குள் போக நிற்கும் கார் வரிசை, அதற்குக் குறுக்கே ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கும் காங்கிரீட் லாரி. சைரன் கத்துகிறது, ஒருத்தன் அசையவில்லை. அசைய இடமும் இல்லை. வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் வண்டி ஓட்டியவர் அல்லவா, படுத்தபடியே டிரைவருக்கு வழி சொன்னார். “தம்பி, ரிவர்ஸ் எடு. ரொட்டிக்கடை சந்துல திரும்பு. மைதான வழியாப் போ.” டிரைவர் கேட்டான், “அங்க கேட் போட்டிருக்காங்களே ஐயா?” அதற்கு உன் மாமா சொன்னார், “அவசரத்துக்குத் திறக்கணும்னு எழுதியிருப்பாங்க. என் மருமகன்தான் அவங்களுக்கு வண்டிக் கணக்கு எடுத்தான். அவன் விட்டிருக்க மாட்டான்.”

கேட்டுக்கு முன்னால் வந்து நின்றோம். அமாதோ கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். உள்ளே யார் இருப்பது என்று அவனுக்குத் தெரியும், என் முகத்தைப் பார்த்தான். “ஆர்டர் இல்லாம வெளி வண்டிய விடக் கூடாதுக்கா. சூப்பர்வைசர கூப்பிடுறேன், ஒரு நிமிஷம்” என்றான். வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். நான் இறங்கிப் போய் அந்தக் கட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொம்பளை தூக்குகிற கட்டையா அது? திரும்பி வந்தபோது உன் மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் ஆர்டர் வந்தது. கட்டை அழகாக, சத்தமே இல்லாமல் மேலே போனது.

அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. மலர்வளையம் வந்தது. பெரிய வளையம், இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ரிப்பனில் தங்க எழுத்தில், கோபுரம் கட்டிய, உனக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே சின்னதாக உன் பெயர். உன் மாமாவைத் தடுத்து வைத்துக் கொன்றவர்களின் பெயரோடு அவர் பெட்டிக்குப் பூ அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். நான் அழவில்லை. வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன், அந்தக் கட்டையின் நுனியில் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு கோபுரத்துக் கார் ஒவ்வொன்றும் வரும்போது வளையம் மேலே போகும், கார் போனதும் இறங்கும். அமாதோ கையைப் பிசைந்தான். “அக்கா, தயவு பண்ணி எடுத்துருங்க. என் வேலை போயிரும்.” “எடுக்குறதுக்கு ஆர்டர் இல்லடா” என்றேன்.

அந்த வார்த்தை பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. முடிவெட்டுகிற கிக்கோ என்ன செய்தான் தெரியுமா? அமாதோ ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போயிருக்கிறான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிவிட்டு, துணியை உதறி மடித்து வைத்துவிட்டானாம். “மறுபக்கத்துக்கு ஆர்டர் வரல அமாதோ. சூப்பர்வைசர கூப்பிட்டிருக்கேன், ஒரு நிமிஷம்.” பாதித் தலையோடு வாரக்கணக்கில் கூண்டில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழுதாள். அவளுக்குக் காப்பி கொடுத்தேன். கிக்கோவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் ஜெபத்தை எங்கே வைப்பது என்று துல்சே கேட்டாள். நம் வீட்டு முன்னால்தானே வைக்க வேண்டும், எல்லாரும் அப்படித்தானே செய்வது. நான் சொன்னேன், “அவரு உயிர் போனது வீட்டுல இல்ல. எங்க போச்சோ அங்க வைக்கிறேன்.” கேட்டுக்கு வெளியே இருக்கிற தெரு நகராட்சியுடையது, அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. பந்தல் போட்டோம். இந்தப் பேட்டையில் யார் செத்தாலும் ஜெபமாலை முன்னால் சொல்வது நான்தான் என்று உனக்குத் தெரியும். எத்தனை வீட்டு இழவில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்! அத்தனை வீட்டிலிருந்தும் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தி மணி அடிக்கும்போது, சரியாக அவர்கள் வேலை முடிந்து கோபுரத்துக்குத் திரும்புகிற நேரத்தில், கேட்டை அடைத்து உட்கார்ந்தோம்.

நம் ஊரில் இழவு ஜெபத்தைப் பார்த்து ஹாரன் அடிக்க எவனுக்கும் கை வராது. காரை நிறுத்திவிட்டு ஏசிக்குள் உட்கார்ந்து வியர்த்தார்கள். நானும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்தையும் மாவு பிசைவது போலப் பிசைந்து பிசைந்து சொன்னேன். மாதா பிரார்த்தனை முடிந்ததும் புனிதர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். தெரிந்த புனிதர்கள் தீர்ந்ததும் தெரியாதவர்களையும் கூப்பிட்டேன். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று சனம் இழுத்துச் சொல்லும்போது, பின்னால் கார் வரிசை பெருஞ்சாலை வரைக்கும் நிற்கும். போலீஸ் வந்தது. தொப்பியைக் கழற்றி, இஞ்சி டீ வாங்கிக் குடித்து, ஜெபமாலையில் இரண்டு தேவ ரகசியம் எங்களோடு சொல்லிவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் கம்பெனி முதலாளி தோன் ஹெரார்தோவே வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை. குனிந்து என் கையைப் பிடித்தார். “அம்மா, உங்க துக்கத்துல பங்கெடுத்துக்குறேன். மால்ல பெரிய ஹால் இருக்கு, உங்களுக்காகத் திறந்து விடச் சொல்லியிருக்கேன். ஏசி இருக்கு. சொகுசா உட்கார்ந்து ஜெபிக்கலாம்.” நான் கையை இழுத்துக்கொண்டேன். “என் வீட்டுக்காரர் ஏசியில சாகல ஐயா. டிராபிக்ல செத்தாரு. நாங்க டிராபிக்லயே ஜெபிச்சுக்குறோம்” என்றேன். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் காரும் அன்று உள்ளே போகவில்லை. பளபளக்கும் செருப்போடு நடந்து போனார். அந்தக் காட்சியை உன் மாமாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி சொல்லிக் காட்டினேன்.

ஏழாம் நாள் நடந்ததையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். மூன்றாவது ரகசியத்தில் இருந்தேன், சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ். நம் வீடுகளுக்கு இல்லை, கோபுரத்துக்கு. நெப்தாலி, “உட்காருங்க, யாரும் எழுந்திரிக்க வேணாம்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்னை யார் கேட்டார்கள்? பின்வரிசை சனம் அதற்குள் எழுந்துவிட்டது. நாற்காலிகள் தலைக்கு மேலே போயின. பந்தல் காலைப் பிடுங்கி நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் வாரிய தலையில் வகிடு எடுத்தது போலத் தெரு திறந்துவிட்டது. அமாதோ இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, கட்டையைத் தூக்கிவிட்டான்.

உள்ளே போன ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. கோபுரத்துக்கு முன்னால் அழகுக்கென்று வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்களே, அதில் வண்டியின் தலை முட்டிக்கொண்டது. “இன்னொரு வழி பார்க்கிங் வழிதான். அது இதவிடக் குள்ளம்” என்று அமாதோ தலையில் அடித்துக்கொண்டான். கோபுரத்து ஆட்கள் பால்கனியிலிருந்து பார்க்கிறார்கள், இறங்கவில்லை. கிக்கோவும் இன்னும் மூன்று பேரும் ஓடினார்கள். நம் ஜெப நாற்காலி ஒன்றில் ஒரு கிழவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் அவர் மனைவி, வெறுங்காலோடு, நல்ல பட்டுச் சட்டையில். அந்த அம்மாள் முகத்தில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். அது என் முகத்தில் இருந்த பயம். எனக்கு அது தித்தித்தது. போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். நம் சனம் வழிவிட்டதால் பிழைத்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் பாதர் எலிசேயோவிடம் இதைச் சொன்னேன். “மன்னிக்கணும் காசில்தா. மனசுல இத வச்சுக்கிட்டு எப்படி ஜெபம் சொல்லுவ?” என்றார். “மன்னிக்கிறேன் பாதர். அந்தக் கேட்டக் கழட்டி லாரியில ஏத்தின மறுநாள் காலையில, காப்பி குடிக்கறதுக்கு முன்னால மன்னிச்சிடுறேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மன்னிக்காத மனசோடு நற்கருணை வாங்கக் கூடாது, அதனால் அதுவரை வரிசையில் நிற்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது எப்படிப்பட்ட பட்டினி என்று உனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் ஜெபத்துக்கு அந்தப் பட்டுச் சட்டை அம்மாள் பந்தலில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பெயர் மார்கோ. முடிந்ததும் கிட்டே வந்து, “உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்க?” என்று கேட்டாள். “எலாதியோ. இந்தக் கேட்டுல செத்தவரு” என்றேன். கட்டையில் தொங்கிய வளையத்தைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தக் கேட் எங்களக் காப்பாத்தும்னு சொல்லித்தாங்க எங்களுக்கு வீடு வித்தாங்க” என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் அவளும் அவர்கள்மேல் கோபமாக இருக்கிறாள், அவளுக்கு வக்கீல்களைத் தெரியும். அது போதும் என்று ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் கோவில் ஹாலில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். இன்னும் இரண்டு கோபுரம் கட்டப் போகிறார்களாம். மாலுக்கு வாசல் வைக்கச் சேய்பா தெருவில் பாதியை எடுத்துக்கொள்வார்களாம். பாதி போனால் அப்புறம் நம் பேட்டையிலிருந்து நோயாளியைக் கைவண்டியில்கூடக் கொண்டுபோக முடியாது. ஒரு சின்னப் பெண் சுவரில் படம் காட்டினாள். மரம், நாய் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்கள், ஒரு வண்டி கூட இல்லாத தெரு. “இந்தத் தெருக்களில் போக்குவரத்து மிகக் குறைவு. சாதாரண நாளில் எண்ணி எடுத்த ஆய்வு. பாதி அகலமே போதும், ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகும்” என்றாள். யார் எடுத்த ஆய்வு என்று கிக்கோ கேட்டான். “இஞ்சினியர் நெப்தாலி பௌலினோ” என்றாள்.

ஹால் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. துல்சே என் கையைப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒருவன், “நம்ம பையன்தான்டா நம்மள இல்லன்னு எண்ணினவன்” என்றான். நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே புதைந்துபோனால் நன்றாக இருந்திருக்கும்.

சாதாரண நாளா அது, நெப்தாலி? சேய்பா முனையில் குடைக்குக் கீழே, கையில் அமுக்குகிற கருவியோடு நீ உட்கார்ந்திருந்தாய். நான் தூக்குவாளியில் பீன்ஸ் பாயசம் கொண்டு வந்து கொடுத்தேன், தேங்காய்ப் பாலும் சர்க்கரைவள்ளியும் போட்டு, பால் பிஸ்கட் மேலே மிதக்கவிட்டு. அதை நான் தவக்காலத்தில் ஒரே ஒரு நாள்தான் காய்ச்சுவேன். பெரிய வியாழன். ஊரே கிராமத்துக்கும் கடற்கரைக்கும் போய்விட்ட நாள். தெருவில் நாய்கூட இல்லை. “என்னடா எண்ணுற, ஈயவா?” என்று கேட்டேன். “குடுத்த தேதியில எண்ணுறேன் அத்தை. ஈ வந்தா ஈய எண்ணிக்குறேன்” என்றாய். சிரித்தாய். நானும் சிரித்தேன். பெரிய வியாழனன்று இந்த ஊரில் வண்டி இருக்காது என்று தெரியாதவன் இந்தத் தீவில் பிறந்திருக்க மாட்டான். தேதி கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கிக்கொண்டவனுக்கும் தெரியும். அடுத்த மாசமே உனக்குப் பனாமாவில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் பாயசம் இல்லாத காலத்தில் மறுபடி பாயசம் காய்ச்சிப் பேட்டைக்கே கொடுத்தோம், நீ பெரிய ஆளாகிவிட்டாய் என்று.

நான் எழுந்து நின்றேன். அது பெரிய வியாழக்கிழமை என்று சொன்னேன், பாயசத்தைச் சொன்னேன். கம்பெனி வக்கீல் பல்லைக் காட்டினார். “அம்மா, நீங்க பாயசம் காய்ச்சின நாளையெல்லாம் நகராட்சி சாட்சியா எடுத்துக்காது. ஆய்வு செஞ்ச இஞ்சினியர் வந்து சொல்லட்டும், கேட்டுக்குறோம்.” நீ வரமாட்டாய் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அவர் பக்கத்தில் தோன் ஹெரார்தோவும் சிரித்தார். அந்த இரண்டு சிரிப்பும் எனக்கு வேண்டும், நெப்தாலி. அவர்கள் வாயிலிருந்து நீ பிடுங்கி என் கையில் கொடுக்க வேண்டும்.

நகராட்சியில் பொது விசாரணை இந்த மாசம் அல்தகிராசியா மாதா திருநாளுக்கு மறுநாள் காலை. மார்கோ தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லுவாள், வளைவைப் பற்றிச் சொல்லுவாள். அமாதோவும் சொல்கிறானாம், வேலை போனாலும் பரவாயில்லை என்கிறான். அவன் தலையின் மறுபக்கத்தைக் கிக்கோ அவன் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் வெட்டிவிட்டான். ஆனால் இவர்கள் எத்தனை பேர் சொன்னாலும் “ஆய்வு இருக்கிறது” என்று அவர்கள் சொல்வார்கள். ஆய்வுக்கு எதிராகப் பேச அதை எடுத்தவனால்தான் முடியும். நீ ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். “அது பெரிய வியாழக்கிழமை, எனக்குத் தெரிந்தே எண்ணினேன்.” பாதி வாக்கியத்தோடு நிறுத்தக் கூடாது. தெரிந்தே என்கிற வார்த்தை வேண்டும்.

உன் வேலை போகும். போகட்டும். பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டால் பிடுங்கட்டும். உன் மாமாவின் டாக்சி வாசலில் நிற்கிறது, ஓட்டு. அந்த டாக்சிதான் உன்னைப் படிக்க வைத்தது.

வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே. ஜெபமாலை முடிவில் குடும்பத்தில் செத்தவர்கள் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு பரலோக மந்திரம் சொல்வேன் அல்லவா. என் அம்மா, என் அப்பா, உன் மாமா. நீ வராவிட்டால் மாமாவின் வருஷத் திவசத்தில், பேட்டை முழுக்க உட்கார்ந்திருக்க, அவர் பெயருக்குப் பிறகு உன் பெயரைச் சொல்வேன். சனம் பதில் சொல்லும். இந்தப் பேட்டையில் நான் சொன்ன பெயருக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அதற்குப் பிறகு நீ உயிரோடு வந்து நின்றாலும் யாருக்கும் உன்னைத் தெரியாது. பாவம் என்று பாதர் சொல்வார். சுமந்துகொள்கிறேன்.

மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல்தான்.

யூபெல்கிஸ் அடுத்த ஞாயிறு திரும்புகிறாள். அவள் பக்கத்து சீட் காலியாக இருக்கிறதாம், கேட்டு வைத்திருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து சேய்பா தெரு வழியாக வராதே, மாட்டிக்கொள்வாய். ரொட்டிக்கடை முனையில் இறங்கி நட. ராத்திரிக்கு வாழைக்காய் மசியலும் வறுத்த சலாமியும் செய்து வைக்கிறேன். உன் கட்டிலில் இப்போது துவைத்த துணி குவிந்து கிடக்கிறது, எடுத்துவிடுகிறேன். பேட்டை முறைக்கும், கிக்கோ ஏதாவது சொல்வான். தலையைக் குனிந்துகொண்டு வா. நான் வாசலில் நிற்பேன், எனக்கு முன்னால் உன்னை யாரும் தொட மாட்டார்கள்.

நீ போனில் அனுப்புகிற குரல் எல்லாம் வருகிறது. “ஆசீர்வாதம் அத்தை” என்று ஒவ்வொரு காலையும் கேட்கிறாய். ஒன்றுக்கும் “கடவுள் ஆசீர்வதிப்பார் மகனே” என்று நான் பதில் சொல்லவில்லை. நம் ஊரில் திருடன் கேட்டாலும் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் போலீசைக் கூப்பிடுவார்கள். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். வா. வந்து என் முகத்துக்கு நேரே கேள். நேரே கேட்டால் கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது, அதனால்தான் இத்தனை நாளாகப் போனை எடுக்கவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அத்தை,
காசில்தா